ராட்டின வரிசையில் மேலே பார்க்காத பெண்

போன மாதம் பண்டாரவளையில் கார்னிவல் போட்டிருந்தார்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய ராட்டினத்தடியில் எனக்கு ஒரே ஆச்சரியம். வரிசையே இல்லை. டிக்கெட் எடுத்ததும் கைப்பேசிக்கு ஓர் இலக்கம் வருகிறதாம். முறை வந்ததும் அதுவே மணியடித்துக் கூப்பிடுமாம். அதுவரை சனம் கடலை கொறித்துக்கொண்டு காலாறத் திரிகிறது. எனக்குத்தான் நிம்மதி இல்லை. போனில் சார்ஜ் இல்லாதவன் என்ன செய்வான்? மணி அடிக்கிற நேரம் பார்த்துப் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கினால்? அங்கே வேலை செய்த இளைஞர்களிடம் இதையெல்லாம் கேட்டேன். பாவம், பொறுமையாகப் பதில் சொன்னார்கள். நானும் ஒரு காலத்தில் ராட்டின வரிசையைக் கவனிக்கும் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் ஒருவர் கேட்டார்: "அப்ப போனும் இல்ல, ஒண்ணும் இல்ல. சம்பளக் கெழமையில தோட்டத்துச் சனம் பூரா வந்து நின்னா எப்படி அங்கிள் சமாளிச்சீங்க?"

நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமா அது? அதனால்தான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

என் சொந்த ஊர் கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தோட்ட வேலை எனக்கு ஒத்துவரவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊர் ஊராகப் போகும் ஒரு கார்னிவல் கம்பெனியில் கூடாரம் கட்டும் ஆளாகச் சேர்ந்தேன். ஆப்பு அடிப்பது, கயிறு இழுப்பது, ராட்டினப் பெட்டி துடைப்பது என்று இரண்டு வருடம் போயிற்று. அதன் பிறகு சோமபால பாஸ் என்னை வரிசைக்குப் போட்டார்.

சோமபால பாஸ் மாத்தறைப் பக்கத்து மனிதர். ராட்டினத்தின் எஞ்சின் அவர் கையில்தான் இருந்தது. கனத்த உடம்பு, எப்போதும் டீசல் வாசம், வாயில் வெற்றிலை. ஒவ்வொரு நாளும் ராட்டினம் சுற்றத் தொடங்குமுன் எல்லாப் பெட்டியிலும் தானே ஒரு தடவை உட்கார்ந்து குதித்துப் பார்ப்பார். "நான் இருந்து உடையாட்டி யாருக்கும் உடையாது" என்பார். சத்தம் போட்டு யாரையும் ஏசியது கிடையாது. கோபம் வந்தால் கழிவுப் பஞ்சை எடுத்து விரல் விரலாகத் துடைக்கத் தொடங்குவார். அவர் துடைத்து முடிப்பதற்குள் எங்களுக்கு வியர்த்துவிடும்.

என்னை ஏன் வரிசைக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். எனக்குத்தான் எதற்கெடுத்தாலும் பயமாயிற்றே. பெட்டிக் கதவின் கொளுக்கி சரியாக விழுந்ததா என்று இரண்டு தடவை பார்ப்பேன்; படுத்த பிறகும் அந்த ஞாபகமாகவே இருக்கும். கூட்டம் நெரிந்தால் என்ன, மின்னல் வந்தால் என்ன, மேலே போனவருக்கு மயக்கம் வந்தால் என்ன என்று என் தலைக்குள்ளேயே ஒரு ராட்டினம் ஓடிக்கொண்டிருக்கும்.

"மல்லி பயந்த ஆள்," என்றார் பாஸ். தம்பி என்பதைச் சிங்களத்தில்தான் சொல்வார். "பயம் இல்லாத ஆள வரிசைக்குப் போட்டா, அவன் ராட்டினத்த பாப்பான். நீ சனத்த பாப்ப."

எங்கள் வரிசையை அவர் நேராக விடமாட்டார். கயிறு கட்டி, மடித்து மடித்து, கூடாரத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்த் திருப்பி விடுவார். நேர் வரிசையில் நிற்பவன் முன்னால் நிற்பவனின் பிடரியைத்தான் பார்ப்பான். பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும். மடித்த வரிசையில் எதிரே வருகிறவனின் முகம் தெரியும், பேச்சு வரும். வரிசை எவ்வளவு நீளம் என்பதும் தெரியாது. இன்னும் எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால் "கொஞ்ச நேரம்" என்று சொல்லக்கூடாது. ராட்டினம் இன்னும் எத்தனை தடவை நின்று ஆள் ஏற்றியதும் உங்கள் முறை வரும் என்று சொல்ல வேண்டும். அதை அவர்களே எண்ணிக்கொள்வார்கள். எண்ணுகிற சனம் கத்தாது.

ஆள் ஏற்றுவதிலும் ஒரு முறை இருந்தது. ஒரு பெட்டியை நிரப்பினால் அடுத்ததை நிரப்பக்கூடாது. பாதி சுற்றி எதிர்ப்பக்கத்துப் பெட்டியைத்தான் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் பாரம் இழுக்கும். இது தெரியாத சனம், "காலிப் பெட்டி போகுது, கண்ணு தெரியலையா?" என்று விசிலடிக்கும். தராசு மாதிரித்தான் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

எல்லாவற்றையும்விடச் சங்கடம், இடையில் ஒருவரை விடுவது. கர்ப்பிணி வருவார், நிற்க முடியாத கிழவர் வருவார். நேரே தலைப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினால் வரிசை முழுக்க ஒரே குரலில் கத்தும். பாஸ் அப்படிச் செய்ய விடமாட்டார். அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். கடைசியில் நிற்பவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். அவர் சரி என்றால் அவருக்கு முன்னால் நிற்பவரிடம், பிறகு அவருக்கும் முன்னால். இப்படி ஒவ்வொருவரிடமும் முகத்தைக் காட்டிக்கொண்டே தலைவரை வர வேண்டும். நேரம் பிடிக்கும். ஆனால் தலைக்கு வந்து சேரும்போது அந்த ஆள் எல்லோருக்கும் தெரிந்தவராகியிருப்பார். பிறகு ஒருவரும் வாய் திறக்கமாட்டார்.

"ஏன் பாஸ் வால்ல இருந்து?" என்று கேட்டேன்.

"ஆக நட்டம் கடைசி ஆளுக்கு தானே. அவன கேக்காம குடுக்க நீ யாரு?"

இனி பதுளையில் நடந்ததைச் சொல்கிறேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நகரத்து மைதானத்தில் ராட்டினம் போட்டிருந்தோம். சம்பளம் கொடுத்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே பசறை, ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லொறி லொறியாகச் சனம் வந்து இறங்கியது. எல்லோரும் நல்ல சேலை, நல்ல சட்டை. வரிசை திரைக்குப் பின்னால் போய், மைதானத்து மதில் வரைக்கும் மடிந்து கிடந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அன்றைக்கு அங்கே நடமாடும் சேவை. அடையாள அட்டை இல்லாத தோட்டத்து மக்களுக்கு ஒரே இடத்தில் படம் எடுத்து, கையெழுத்து வைத்து, விண்ணப்பத்தைக் கொழும்புக்கு அனுப்பிவைக்கிற ஏற்பாடு.

மத்தியானம் தாண்டி வாலைப் பார்க்கப் போனேன். நடுவில் ஒரு பெண் நின்றார். நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். முன்னாலும் பின்னாலும் நகரத்துச் சிங்களப் பிள்ளைகள். தங்களுக்குள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ராட்டின வரிசையில் நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். பயந்தவர்களும் மேலே பார்த்துவிட்டுத்தான் கண்ணை எடுப்பார்கள். இந்தப் பெண் ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை. ஒரு பொலித்தீன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வரிசை ஓரடி நகர்ந்தால் தானும் ஓரடி நகர்ந்தார். நான் கிட்டப் போனதும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

மயக்கம் வரப்போகிறதோ என்று எனக்குப் பயம். "தனியாவா வந்தீங்க? டிக்கெட் இருக்குங்களா?" என்றேன்.

அவர் பையைப் பிரித்தார். "டிக்கெட்டு இல்லீங்க. பொறந்த பதிவு இருக்கு. தோட்டத்துத் தொர கையெழுத்து வச்ச தாளும் இருக்குங்க."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். "இது எதுக்கு நிக்கிற வரிசைன்னு நெனச்சீங்க?"

"அடையாள அட்டைக்குத்தானுங்களே?"

அடுத்த மடிப்பில் நின்ற தோட்டத்து இளைஞன் ஒருவன் சிரித்துவிட்டான். "அட்டை மேல குடுப்பாங்க ஆயி, சுத்திட்டு வாங்கிக்கலாம்!" அப்போதுதான் அந்தப் பெண் தலையைத் தூக்கி ராட்டினத்தைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் சிரித்தவனே வாயை மூடிக்கொண்டான்.

"இதுக்கா நின்னேன்?" என்றார். "லொறியில எறங்கி, வாயக் கழுவப் பீலித் தண்ணிக்குப் போனேங்க. திரும்பி வந்தா எங்க ஆளுங்களக் காணோம். மைதானத்துக்குப் பக்கத்துல வரிசையில நிக்கணும்னு கங்காணி சொல்லியிருந்தாரு. இங்க சுத்தி நம்ம சனமா நின்னாங்க. நானும் நின்னுட்டேன்."

"யாரையும் ஒரு வார்த்த கேக்கலீங்களா?"

"வரிசையில நிக்கையில எதுக்குன்னு யாருங்க கேப்பா?"

அதற்கு மேல் நான் அவரிடம் விளக்கம் கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது புரியும். விடிந்தால் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் வரிசை, கொழுந்து நிறுக்க வரிசை, அரிசிக்கு வரிசை, மருந்துக்கு வரிசை. எதற்கு என்று கேட்டவனை, "ஐயாவுக்கு வெத்தல வச்சு சொல்லணுமோ?" என்று கங்காணி நக்கலடிப்பார். நிற்கப் பழகிய அளவுக்குக் கேட்கப் பழகவில்லை நாங்கள். போதாததற்கு எங்கள் மடித்த வரிசை. திரையும் மதிலும் மறைத்த இடத்தில் நின்றவருக்கு அதன் தலை எங்கே போகிறது என்று தெரிய வழியில்லை.

அவர் பெயர் ராமாயி. பசறைப் பக்கத்துத் தோட்டம். மகள் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய் அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டாள். இப்போது முழுகாமல் இருக்கிறாள். "அவ புருசனுக்கும் சொந்தம்னு யாருமில்லீங்க. பிள்ளப்பேத்துக்கு நான்தான் போகணும். அட்டை இல்லாம பஸ் ஏறுனா வழியில ஆமிக்காரங்க எறக்கிருவாங்க. எங்க கொழுந்தன அப்படித்தான் எறக்கி ஸ்டேசன்ல வச்சுட்டாங்க. தை மாசம் பிள்ள பொறக்கும். இன்னைக்கி விட்டா நான் எப்ப அட்டை எடுத்து எப்பப் போறது?"

பாஸிடம் ஓடினேன். வரிசையை விட்டு நான் நகர்ந்ததே கிடையாது. சொல்லி முடித்ததும் அவர் பஞ்சைக் கையில் எடுத்தார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். ஒரு விரலைத் துடைத்ததும் பஞ்சைப் போட்டுவிட்டார்.

"போ மல்லி."

"வரிச, பாஸ்?"

"தலைய நான் பாக்கிறன். வால் கொஞ்ச நேரம் தன்ன தானே பாத்துக்கட்டும். போ!"

ராமாயியைக் கூட்டிக்கொண்டு மதிலைச் சுற்றி ஓடினேன். பள்ளிக்கூட முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி, அதன் முன் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். நகரத்துப் படக்காரர் ஒருவர் ஆளை உட்காரவைத்து எடுத்துக்கொண்டிருந்தார். வானம் கறுத்து, மலைப்பக்கமிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. வரிசையில் கொஞ்சப் பேர்தான் மிச்சம். கடைசியாக நின்ற பெண்ணுக்குப் பின்னால் இனி யாரும் சேராதபடி ஒரு பியூன் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றார்.

சேவைக்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோர் ஐயா யாழ்ப்பாணத்தவர். கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், காலையிலிருந்து சாப்பிடாதவர் போலத் தெரிந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ, நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ," என்றார். "கனபேர் படம் எடுக்கேக்க கண்ணை மூடிப்போட்டினம். ரெண்டு தரம் எடுத்து பிலிம் முடியுது. அந்தக் கடைசி அம்மாவோட சரி. அவவுக்குப் பிறகு நிண்ட ஆக்களையெல்லாம் இப்பதான் திருப்பி அனுப்பினன்."

"நான் ஓடிப்போய் ஒரு பிலிம் ரோல் வாங்கியாரட்டுங்களா ஐயா?"

"ஞாயிற்றுக்கிழமை. படக்காரற்ற கடையிலையும் இல்லையாம். வெளிச்சமும் போகுது, பாருங்கோ. படம் எடுத்த ஆக்களின்ர விண்ணப்பம் மட்டும்தான் இண்டைக்குப் போகும்."

ராமாயியை இந்த வரிசையில் விட்டால் ஒருவர் வெளியே போக வேண்டும். யார் என்பதிலும் சந்தேகம் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒரே வழி. அவரைக் கூட்டிக்கொண்டு வாலுக்குப் போனேன்.

கடைசியில் நின்றவர் ஐம்பது வயதுப் பெண். நல்ல உயரம், மூக்குத்தி, சிவப்புக் குடை. என் கார்னிவல் தொப்பியைப் பார்த்ததும் தொடங்கிவிட்டார். "என்ன தம்பி, ராட்டினத்துல சுத்தி எறக்கிட்டு இங்க கூட்டியாந்தீங்களா? அந்தம்மா முழி அப்படித்தான் இருக்கு."

நடந்ததைச் சொன்னேன். அவர் இடத்தைக் கேட்டேன்.

"நல்லா இருக்கே கத! விடியக் கருக்கல்ல ஹாலிஎலயிலருந்து வந்து நிக்கிறவ நான். லெச்சுமி எளிச்சவாயின்னு யாரும் சொல்லி விட்டாங்களா? போ தம்பி, உன் ராட்டினத்தப் போய்ப் பாரு."

அவர் சொன்னதில் பிழையே இல்லை. ராமாயியும் ஒன்றும் கெஞ்சவில்லை. "அவங்க எடம் தம்பி, வாங்க போவோம்," என்று பையை மடித்து இடுக்கிக்கொண்டு திரும்பினார்.

"ஏ தங்கச்சி, நில்லு," என்றார் லெச்சுமி. "ஒம் மகளுக்கு எத்தனாவது பிள்ள?"

"தலப்பிள்ளக்கா."

"பக்கத்துல பொம்பளைங்க யாருமே இல்லையா?"

"வேல செய்ற வீட்டம்மாதான். அவங்களும் பிள்ள பொறந்தா வேலைய விட்டு நிப்பாட்டிருவேங்கிறாங்களாம்."

லெச்சுமி குடையை ஒரு தடவை விரித்து மடக்கினார். படக்காரரையும் முக்காலியையும் பார்த்தார். "என்னமோ போ," என்றார். "நான் என்ன கொழும்புக்கா போகப் போறேன்? இந்த ஹாலிஎலக்கும் பதுளைக்கும் போய் வர்றவள யாரு அட்டை கேக்கப்போறா?" ராமாயியின் தோளைப் பிடித்துத் தன் இடத்தில் நிறுத்தினார். பிறகு என்னிடம் திரும்பினார். "அவ அங்க ராட்டினத்துக்கு நின்ன எடம் இருக்கில்ல? அது இனி என்னோடது. சும்மா வீட்டுக்குப் போக மாட்டேன், சொல்லிட்டேன்."

கந்தோர் ஐயா பார்த்துக்கொண்டுதான் நின்றார். "ஆர் நிண்டாலும் எனக்கு ஓராள்தான்," என்றார் ராமாயியிடம். "ஆனா அம்மா, கண்ணை மூடிப்போட்டா ரெண்டாவது எடுக்கேலாது."

"படம் எடுத்துப் பழக்கமில்லீங்களே. கண்ணு தானா மூடிக்கிருமே," என்றார் ராமாயி. கவலைப்படத் தெரிந்த எனக்கு அதுவே போதும். அங்கே நின்றுகொண்டே இருந்திருப்பேன். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து விசில் சத்தம் கூடிக்கொண்டிருந்தது. லெச்சுமியையும் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

ராமாயி விட்ட இடத்தை அந்தச் சிங்களப் பிள்ளைகள் அப்படியே வெறுமையாக வைத்துக்கொண்டு நகர்ந்திருந்தார்கள். வரிசையின் தலை நெருங்கிவிட்டிருந்தது. பாஸ் அவர்களிடம் என்னவோ சிங்களத்தில் சொன்னார். ஒரு பிள்ளை லெச்சுமியின் கையைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டாள். டிக்கெட்டைப் பற்றி நான் வாயெடுக்குமுன் பாஸ் பெட்டிக் கதவைத் திறந்துவிட்டார். லெச்சுமியின் கொளுக்கியை நான் வழக்கம்போல் இரண்டு தடவை பார்த்தேன்.

முதல் சுற்றில் மேலே போனதும் அவர் அலறினார். பயத்தில் என்று நினைத்தேன்.

"தம்பி! பள்ளிக்கூடம் தெரியுது! அவ நிக்கிறா! முன்னுக்கு இன்னும் ஆளிருக்கு!"

வரிசையில் நின்ற சனத்துக்கும் அது கேட்டது. என்ன, யார் என்று வாயிலிருந்து வாய்க்குக் கதை பரவியது. விசில் நின்றது. அடுத்த தடவை அவர் பெட்டி மேலே போனபோது எல்லோரும் அண்ணாந்துகொண்டு நின்றார்கள்.

"உக்காந்திட்டா! முக்காலியில உக்காந்திட்டா!"

பாஸ் முதலில் ஒலிபெருக்கியை நிறுத்தினார். பாட்டு அறுந்தது. பிறகு கிளட்சை இழுத்தார். ராட்டினம் முனகிக்கொண்டு, லெச்சுமியின் பெட்டி உச்சியில் இருக்க, நின்றது. ஆளை உச்சியில் நிறுத்தி அவர் வேடிக்கை காட்டியது கிடையாது. காட்டிய ஒருவனை வேலையை விட்டே அனுப்பியிருந்தார். இப்போது லீவரைப் பிடித்த கையை எடுக்காமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடாத தங்கச்சி!" மேலிருந்து லெச்சுமி கத்தினார். "கண்ண மூடாத! மூடிறாத!"

முதலில் கேலியடித்த அந்த இளைஞன்தான் கீழேயிருந்து தொடங்கினான். "கண்ண மூடாதீங்க ஆயி!" அவனோடு தோட்டத்துச் சனம் எல்லாம் சேர்ந்துகொண்டது. என்னவென்று தெரியாத சிங்களப் பிள்ளைகளும் "கண்ண மூடாத" என்று தங்கள் வாயில் வந்த மாதிரிக் கத்தினார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று கீழே நின்ற எங்கள் ஒருவருக்கும் தெரியாது. நான் மட்டும் என் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன்.

"எடுத்தாச்சு!"

கைதட்டலில் கூடாரத் துணி படபடத்தது. பாஸ் லீவரை விட்டார்.

லெச்சுமி இறங்கி வந்தார். வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் ராமாயி வாசலால் சுற்றிக்கொண்டு வந்தார். தூறல் விழத் தொடங்கியிருந்தது.

"அக்கா, மேலருந்து கத்துனது நீங்களா?"

"பின்ன, கொரங்கா? தொண்ட கிழிஞ்சிருச்சு."

"கண்ணு மூடப் போச்சுக்கா. சத்தம் கேட்டுத்தான் முழிச்சுக்கிட்டேன். படக்காரரு நல்லா விழுந்திருச்சுன்னுட்டாரு."

லெச்சுமி சிரித்தார். பிறகு மடியிலிருந்த தன் பையைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய பிறந்த பதிவும் துரையின் கையெழுத்தும் அதற்குள் அப்படியே இருந்தன. "இவங்க மறுபடி எப்ப வருவாங்களாம் தம்பி?" என்றார். குரல் இறங்கியிருந்தது. அதற்கு முன் அவர் அப்படிப் பேசி நான் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தெரியலக்கா. அந்த ஐயாவுக்கே தெரியாதாம்," என்றேன்.

"வர்றப்ப வரட்டும்." குடையை ஊன்றி எழுந்து, அதை விரித்து ராமாயிக்கும் சேர்த்துப் பிடித்தார். "ஆனா ஒண்ணு தங்கச்சி. என் மூஞ்சிய எடுக்குற அன்னைக்கு நீ வந்து கத்தணும். எனக்கும் கண்ணு நிக்காது."

"வர்றேன்க்கா."

"கொழும்புலருந்தா?"

"வரலாமுல்ல," என்றார் ராமாயி. "அதான் அட்டை இருக்குமே."